பிழை மட்டும் பாருங்க

போன சனிக்கிழமை சின்னவள் படக்கென்று போனை வைத்தாளே, அந்தக் கோபம் இரண்டு பக்கமும் இன்னும் ஆறவில்லை.

அக்கா தங்கைக்குள் மனஸ்தாபம் என்றால் நகை, வீடு, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வரவில்லை என்று ஏதாவது இருக்கும். இவர்களுக்கு ஒரு கதை. சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குப் பெரியவள் இணையத்தில் போடும் தொடர்கதை. அதன் கதாநாயகி, வாயைத் திறக்காத புருஷனை விட்டுக் கிளம்புவாளா மாட்டாளா என்று தொடங்கிய பேச்சு முற்றிப்போய், "இந்த வாரமும் அவ கிளம்பலைன்னா என்கிட்ட அனுப்பாதே. உன் எழுத்துப் பிழையை நீயே பொறுக்கிக்கோ" என்று சின்னவள் சொல்லிவிட்டாள்.

பெரியவளும் ரோஷக்காரிதான். அனுப்பவில்லை. தானே பொறுக்கினாள்.

பொறுக்கின லட்சணம் அன்றைக்கு மாலையே தெரிந்துவிட்டது. 'அவள் கணவனை நினைத்துக் கொண்டாள்' என்று இருக்கவேண்டிய வரி, 'அவள் கணவனை நினைத்துக் கொன்றாள்' என்று வெளியாகியிருந்தது. வாசகர்கள் விடுவார்களா? 'இது எழுத்துப் பிழையா, வரப்போவதற்கு முன்னோட்டமா?' என்று ஒருத்தர். 'நினைத்தால் மட்டும் போதாது தாயே!' என்று இன்னொருத்தர். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் அந்தக் கொலையையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்தை அவள் கண் வலிக்க வலிக்கப் படித்திருந்தாள். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது வரும் வினை அது. கண் திரையில் இருப்பதைப் பார்ப்பதில்லை, மனசில் இருப்பதைப் பார்க்கிறது.

இந்த வாரம் கதாநாயகி கிளம்பியே விட்டாள். தங்கை சொன்னதற்காக இல்லை என்று பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசகர்கள் கேட்டார்கள். முக்கியமாக, 'வெளியே வந்தவள்' என்ற பெயரில் வாராவாரம் நீளமாகக் கருத்து எழுதும் வாசகி கேட்டாள்.

அந்த வாசகி மேல் பெரியவளுக்குத் தனி மரியாதை. 'சூப்பர்', 'அருமை' என்று எழுதிவிட்டு ஓடுகிற ஆள் இல்லை அவள். எந்த வசனம் செயற்கை, எந்த இடத்தில் எழுத்தாளர் பயந்து பின்வாங்கினார் என்று விரல் வைத்துச் சொல்வாள். கதையில் வரும் புருஷனுக்கு 'மரக்கட்டை' என்று பெயர் சூட்டியதும் அவள்தான். இப்போது எல்லா வாசகர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த வாரம் அவள் எழுதியது இரண்டே வரி: 'வாசல் வரைக்கும்தான் பயம். தாண்டினால் வெறும் தெரு.'

அதைப் படித்த வேகத்தில் பெரியவள் உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது கதாநாயகி பெட்டியோடு தெருவில் நின்றாள்.

எழுதியாகிவிட்டது. பார்ப்பதற்குத்தான் வேறு இரண்டு கண் வேண்டியிருந்தது.

வீட்டில் இரண்டு கண் சும்மாதான் இருந்தன. அவள் கணவருக்கு அன்று விடுமுறை. சாப்பாட்டு மேசையில் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். குளிர்பதனக் கிடங்குகளில் மெஷின் பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு. கம்பெனியில் அவருக்குப் பெயர் 'ஐஸ்'.

"என்னங்க, ஒரு உதவி."

அவர் நிமிர்ந்தார்.

"நான் எழுதினது ஒண்ணு இருக்கு. சாயங்காலம் போடணும். பிழை மட்டும் பாருங்க. கதையைப் பாக்க வேணாம்."

"கதையைப் பாக்காம பிழையை எப்படிப் பாக்கறது?"

"கடைசி வரியிலேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு வரியா மேல போங்க. அப்பத்தான் கதை நம்மள இழுத்துட்டுப் போகாது, எழுத்து கண்ணுல படும். சின்னவ அப்படித்தான் பாப்பா."

"சின்னவ எங்க?"

"அவளுக்கு வேலை."

"ம்" என்றார்.

லேப்டாப்பை அவர் முன்னால் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தைரியம் சொல்லிக்கொண்டாள். கதையில் வருகிறவன் வங்கி அதிகாரி. நெட்டையன், மீசைக்காரன், கார் வைத்திருக்கிறவன். இவர் அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருப்பார், மீசை கிடையாது, ஸ்கூட்டர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அந்த மௌனத்தைத் தவிர.

*

பெரியவள் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கடையில். பவர் எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஃப்ரேம் பொருத்தி, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சின்ன ஸ்கேல் வைத்து அளந்து கொடுப்பது அவள் பொறுப்பு. சனிக்கிழமை அரைநாள்தான்.

அன்று அளந்ததெல்லாம் தப்பாக வந்தது. ஒரு வாடிக்கையாளர் மூக்கின் மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு, இந்நேரம் அவர் எந்த வரிக்கு வந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மூக்கு வலிக்குது" என்றார் வாடிக்கையாளர்.

மதியம் கடை அடைக்கும் நேரத்துக்குச் சின்னவள் வந்து நின்றாள். இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. கணவரைப் பிரிந்து, போன வருஷத்திலிருந்து அந்தக் கடைக்கு மேல் மாடியிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கோபமாக வந்தவள் மாதிரி தெரியவில்லை. சமாதானத்துக்கு வந்தவள் மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை.

"அத்தியாயம் எங்க? போன வாரக் கூத்து போதாதா?"

"நீதானே அனுப்பாதேன்ன."

"சொன்னா அனுப்பாம இருந்துடுவியா? போன்ல இருக்கா? குடு, இங்கயே பாத்துடறேன்."

"உங்க மாமா பாத்துட்டு இருக்காரு."

சின்னவள் முகம் மாறியது. லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த உள்ளறைக்கு அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"பைத்தியமாக்கா உனக்கு? மாமாகிட்டயா குடுத்த? அந்தக் கதையவா?"

"ஏன்? பிழை மட்டும் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"அது அவர்தான்னு கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். மீசை வெச்சுட்டா ஆள் மாறிடுமா?"

பெரியவள் லென்ஸ் துடைக்கும் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"சரி, விடு" என்றாள் சின்னவள். குரல் தணிந்திருந்தது. "அவ கிளம்பினாளா?"

"கிளம்பிட்டா."

"நிஜமாவா?" சின்னவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நான் சொல்லல? வாசல் வரைக்கும்தான்க்கா பயம். தாண்டினா வெறும் தெரு."

பெரியவள் கையில் துணி அப்படியே நின்றது.

சின்னவளுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீயா?"

"அக்கா..."

"மரக்கட்டைன்னு பேர் வெச்சது நீயா? ஒவ்வொரு வாரமும் அது சரியில்ல இது சரியில்லன்னு... நான் உன்கிட்டயே வந்து சொல்லியிருக்கேனேடி, எனக்கு ஒரு வாசகி இருக்கா, என்னமா படிக்கறா தெரியுமான்னு! நீயும் 'அப்படியா'ன்னு கேட்டுட்டு நின்ன."

"உன் தங்கையா சொன்னா நீ கேக்க மாட்ட. பிழை திருத்தறவ சொன்னாலும் கேக்க மாட்ட. வாசகி சொன்னா கேட்ட."

"ஏன் அவ போயே ஆகணும்னு நின்ன?"

சின்னவள் லென்ஸ் பெட்டி ஒன்றைத் தொட்டு நேராக வைத்தாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"நான் வெளிய வந்தப்ப எல்லாரும் சரின்னுதான் சொன்னாங்க. நீயும் சொன்ன. ஆனா சொல்லும்போது ஒருத்தர்கூட என் கண்ணைப் பாத்துச் சொல்லல. யாராவது ஒருத்தர் எழுதினா நல்லா இருக்கும்னு தோணிச்சு. நான் செஞ்சது தப்பில்லன்னு, முழுசா, முதல்லேருந்து எழுதினா... நீ எழுத ஆரம்பிச்ச. பாதியில நீ பயந்துடக் கூடாதுன்னு பாத்தேன். அவ்வளவுதான்."

பெரியவள் துணியைக் கீழே வைத்தாள். மாதக்கணக்கில் தன் கதையை ஒரு முகம் தெரியாதவள் கவனமாகப் படிக்கிறாள் என்ற நினைப்பிலேயே அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு போனதுதான் முதலில் வலித்தது. மற்றதெல்லாம் பிறகுதான் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"நானும் வரவா?"

"வேணாம்."

*

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். இஸ்திரிப் பெட்டியின் பாகங்கள் காலையில் கிடந்தபடியே கிடந்தன. ஒரு திருகுகூட இடம் மாறவில்லை. அவள் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

"முடிஞ்சுதா?"

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். திருத்தங்கள் சிவப்பில் இருந்தன. 'சுவற்றில்' என்று இருந்தது 'சுவரில்' ஆகியிருந்தது. 'மணக்கதவு' 'மனக்கதவு' ஆகியிருந்தது. விட்டுப்போன ஒற்றுகளெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன. இவ்வளவு சுத்தமாகச் செய்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மனசு லேசாக, வரி வரியாகக் கீழே வந்தாள்.

ஓர் இடத்தில் நின்றாள்.

கதாநாயகி பெட்டியோடு கூடத்தைக் கடந்து போகும் இடம். 'அவன் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தான்' என்று அவள் எழுதியிருந்தாள். இப்போது, 'அவன் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தான்' என்று இருந்தது.

"இங்க நீங்க தப்பா மாத்திட்டீங்க. படிச்சிட்டு இருந்தான்னுதான் வரணும். சரியாத்தானே இருந்துச்சு?"

"இல்ல" என்றார். "அவன் படிக்கல."

"என்னது?"

"அவ பெட்டியை எடுத்துட்டுப் போறா. சக்கரம் தரையில உருளற சத்தம் கேக்குதுன்னு நீயே எழுதியிருக்க. அந்த நேரத்துல யாரால படிக்க முடியும்? சும்மா பிடிச்சிட்டு இருந்திருப்பான்."

அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"முழுசா படிச்சீங்களா?"

"கீழேருந்து மேல போகச் சொன்ன. போனேன். அவ போயிட்டான்னு முதல்லயே தெரிஞ்சுபோச்சு. ஏன் போனான்னு மேல வந்தா இருக்கும்னு பாத்தேன். இதுல இல்ல. உன் பக்கமும் அதுலயே திறந்திருந்துச்சு, அதுக்கு முந்தின வாரத்துக்குப் போனேன். அப்புறம் அதுக்கு முந்தினது." கொஞ்சம் நிறுத்தினார். "முதல் அத்தியாயத்துல இருந்துச்சு."

முதல் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கதாநாயகி ஓடி வந்து, 'நான் ஒரு கதை எழுதினேன்' என்று புருஷனிடம் சொல்கிறாள். அவன் ஷூவைத் துடைத்துக்கொண்டே 'ம்' என்கிறான்.

"அது ஸ்பேனர்" என்றார் அவர். "ஷூ இல்ல."

பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எதை முதலில் அடக்குவது என்று தெரியவில்லை.

"கருத்துகளையும் பாத்தீங்களா?"

"பாத்தேன். கம்பெனியில ஐஸ். இங்க மரக்கட்டை. பொருத்தமாத்தான் வெக்கறாங்க."

"அது நீங்க இல்லைங்க" என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அப்படிப்பட்ட நாளில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் ஒரு திருகை எடுத்து விரலில் உருட்டினார்.

"நீ அன்னிக்கு கதை எழுதினேன்னு சொன்னியே, அடுத்த நாள் வேலைக்கு நடுவுல உன் பேரைப் போட்டுத் தேடினேன். உன் பேர்ல யாரோ பல் டாக்டரம்மா வந்தாங்க. கதை எதுவும் வரல."

"நான் வேற பேர்ல எழுதறேன். பூ பேர்ல."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாமே."

"நீ காட்டுவேன்னு இருந்தேன்."

"நீங்க கேப்பீங்கன்னு நான் இருந்தேன்."

கேட்காமல் போனது இவரா, காட்டாமல் போனது அவளா என்று இப்போது வழக்குப் போட்டு யார் தீர்ப்புச் சொல்வது? ஆனாலும் பெரியவளுக்கு அப்படியே விட மனசில்லை. வருஷக்கணக்கில் தேங்கியிருந்தது அவ்வளவு சீக்கிரம் வடிந்துவிடுமா?

"சரி, அவன் படிக்கல, பிடிச்சிட்டுத்தான் இருந்தான். ஒத்துக்கறேன். ஆனா அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவ பேப்பருக்கு அந்தப் பக்கம் நிக்கறா. அவளுக்குத் தெரியறது வெறும் பேப்பர்தான்."

அவர் யோசித்தார். கம்ப்ரசர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கும்போது அவர் தலை லேசாகச் சாயும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இப்போதும் தலை அப்படித்தான் சாய்ந்திருந்தது.

"தெரியாது" என்றார் கடைசியில். "அதனால அவ போனது சரிதான். அதை நான் மாத்தல. ஒரே ஒரு எழுத்துதான் மாத்தினேன்."

"அவ போகட்டுமா?"

"கதைதானே?"

"கதைதான்" என்றாள். அதை இரண்டு பேருமே முழுசாக நம்பவில்லை.

அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் அத்தியாயத்தை மறுபடி எடுத்தாள். அந்த ஒரு எழுத்து மாறியதும் அதற்குப் பின்னால் வருகிற வரிகள் நிற்க மறுத்தன. 'அவனுக்கு நெஞ்சென்று ஒன்று இருந்ததா?' என்று ஒரு வரி. எடுத்தாள். 'கல்லுக்குக்கூட ஈரம் உண்டு' என்று ஒரு வரி. இதை எழுதியபோது என்னவொரு வரி என்று தானே மெச்சிக்கொண்டது. அதையும் எடுத்தாள். அதில் பாதி அவளுடையதே இல்லை, சின்னவளுடைய கோபம் என்று இப்போது தெரிந்தது. மீதிப் பாதி தன்னுடையதுதான் என்றும் தெரிந்தது.

கதாநாயகியைத் திருப்பிக் கூப்பிடவில்லை. அவள் போனாள். வாசலில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. அவளுக்குத் தெரியாததை அவளுக்குச் சொல்ல எழுத்தாளருக்கு உரிமை இல்லை என்று பெரியவளுக்குப் பட்டது.

"ஒரு தடவை சத்தமா படிங்க" என்றாள்.

அவர் படித்தார். கூச்சத்தோடு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒரே தொனியில் படித்தார். கூடத்தைக் கடக்கும் வரி வந்தபோது தண்ணீர் குடித்தார்.

*

ஆறு மணிக்கு அத்தியாயம் வெளியானது.

முதல் கருத்து வர நேரமாகவில்லை. 'செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தான் என்று வரவேண்டும். மீண்டும் எழுத்துப் பிழை. தயவுசெய்து யாரிடமாவது கொடுத்துப் பார்க்கவும்.'

அவர் எட்டிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

'பிழை இல்லை' என்று பெரியவள் பதில் போட்டாள்.

பிறகு மளமளவென்று வந்தன. வெடி வெடிக்காத குறையாகக் கொண்டாடியவர்கள் உண்டு. இவ்வளவுதானா, நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டாமா என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஒருத்தி எழுதியிருந்தாள்: 'அவள் போனது சரி. ஆனால் இன்றைக்குத்தான் அவனும் வீட்டில் இருந்தான் என்று தெரிந்தது.' பெரியவள் அதை இரண்டு முறை படித்தாள். இது யார் எழுதியதோ, நிஜமாகவே முகம் தெரியாத ஒருத்தியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

'வெளியே வந்தவள்' எதுவும் எழுதவில்லை.

அவர் இஸ்திரிப் பெட்டியை மூடித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சின்னவள்.

"அந்த வரியை யார்க்கா எழுதினது?"

"எந்த வரி?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"உங்க மாமா."

அந்தப் பக்கம் மாடிக்குக் கீழே தெருவில் போகிற வண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் கிளம்பின அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் டிவி பாத்துட்டு இருந்தாரு" என்றாள் சின்னவள். "எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். வக்கீல்கிட்டகூட. நான் பெட்டியோட நிக்கறேன், அவர் பாட்டுக்கு டிவி பாத்துட்டு இருக்காருன்னு."

"சொல்லியிருக்க."

"சத்தம் இருந்துச்சான்னு இப்ப யோசிக்கறேன்க்கா. டிவியில சத்தம் வந்துச்சா, இல்ல வெறும் படம் மட்டும் ஓடிச்சா? எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல."

"அதனால நீ செஞ்சது தப்புன்னு ஆயிடாதுடி."

"தெரியும். அதை நான் கேக்கல." குரல் உடையவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். "இது அவருக்கு மட்டும்தான் தெரியும்."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எதிரே அவர் வேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவர் நம்பரை அழிச்சுட்டேன்" என்றாள் சின்னவள். "உன்கிட்ட இன்னும் இருக்காக்கா?"